வெப்பத்தின் கணக்கு

வேதியியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் வெப்ப இயக்கவியல் பாடத்தில் ஹெஸ் என்னும் பெயரைக் காண்பர். ஒரு விதி, ஒரு வரைபடம், இரண்டு மூன்று கணக்குகள் என்ற அளவில் அப்பெயர் பாடநூலில் வந்து மறைந்துவிடும். அப்பெயருக்குரியவர் மருத்துவம் பயின்றவர் என்பதையும், சைபீரியப் பனிவெளியில் நோயாளிகளுக்கு மருந்தளித்தவர் என்பதையும், தாம் தேடிய விதி ஒன்றாகவும் தமக்குக் கிட்டிய விதி வேறாகவும் அமைந்த நிலையில் உலகை நீத்தவர் என்பதையும் பலர் அறியார். அமிலத்தின் செறிவு மாறினால் வினையில் வெளிப்படும் வெப்பம் எவ்வாறு மாறும் என்ற எளிய வினாவே அவர் புகழுக்கு அடித்தளமாயிற்று.

ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் 1802ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜெனீவா நகரில் பிறந்தார். இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள அந்நகரம் அக்காலத்தில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் ஓர் ஓவியர். பிழைப்பு நாடி ரஷ்யாவுக்குச் சென்ற அவர், அங்குச் செல்வர் ஒருவரின் இல்லத்தில் ஆசிரியராக அமர்ந்தார். குழந்தைக்கு மூன்று வயது நிரம்பியபொழுது தாயும் மகனும் அவரைத் தொடர்ந்து ரஷ்யா சென்றனர். அன்று முதல் ஹெஸ்ஸின் வாழ்வு முழுவதும் அந்நாட்டோடு பிணைந்துவிட்டது. ரஷ்யர் அவரை கெர்மன் இவானோவிச் கெஸ் என்று அழைத்தனர். தமிழைப் போலவே ரஷ்ய மொழியிலும் 'ஹ' ஒலிக்கெனத் தனியெழுத்து இல்லாமையால் ஹெஸ் அங்கு கெஸ் ஆனார். இல்லத்தில் பிரெஞ்சு, பல்கலைக்கழகத்தில் ஜெர்மன், வகுப்பறையில் ரஷ்ய மொழி என மும்மொழிகளுக்கிடையே வாழ்ந்தவர் அவர்.

மருத்துவரும் நீரூற்றுகளும்

எஸ்தோனியா நாட்டில் இன்று தார்த்து என்று வழங்கும் நகருக்கு அந்நாளில் தோர்பாத் என்று பெயர். அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் 1822ஆம் ஆண்டு ஹெஸ் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். அக்கால மருத்துவக் கல்வியில் வேதியியல், இயற்பியல், கனிமவியல் ஆகியவற்றுக்குப் பெரிதும் இடமிருந்தது. ஓசான் வேதியியலையும், பாரட் இயற்பியலையும், எங்கல்ஹார்ட் கனிமவியலையும் கற்பித்தனர். மருத்துவம் படிக்க வந்த இளைஞரின் உள்ளத்தை இம்மூவரும் மெல்ல மெல்ல வேறொரு பக்கம் திருப்பினர் எனலாம்.

1825ஆம் ஆண்டு அவர் மருத்துவப் பட்டத்திற்காக அளித்த ஆய்வேட்டின் பொருளே இதற்குச் சான்று. ரஷ்யாவின் கனிம நீரூற்றுகளில் கரைந்துள்ள பொருள்கள் யாவை, அவை உடல்நலத்திற்கு எவ்வாறு பயன்படுகின்றன என்பதே அதன் பொருள். ஆய்வேட்டின் பெயர் மருத்துவம். ஆனால் அதற்குரிய உழைப்போ வேதியியலுக்கு உரியது. நீரை ஆவியாக்கி, எஞ்சிய உப்புகளைப் பிரித்து, நிறுத்து, எழுதும் பொறுமையை அப்பணி அவருக்குக் கற்பித்தது.

பட்டம் பெற்றபின் அவர் சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமுக்குச் சென்றார். அங்கு ஐரோப்பாவின் தலைசிறந்த வேதியியலாளராகத் திகழ்ந்த பெர்சிலியசின் ஆய்வகம் இருந்தது. தனிமங்களின் அணுநிறைகளை வியத்தகு துல்லியத்துடன் அளந்தவர் பெர்சிலியஸ். ஹெஸ் அங்குத் தங்கியது ஏறத்தாழ ஒரு திங்கள் மட்டுமே. ஆயினும் தராசையும் எண்ணையும் நம்பும் பழக்கம் அவருக்கு அங்கேதான் உறுதிப்பட்டது. இருவருக்கும் இடையே அரும்பிய நட்பு பின்னாளில் மடல்களின் வழியே வளர்ந்தது.

திரும்பி வந்த ஹெஸ் யூரல் மலைப்பகுதிக்குச் சென்ற நிலவியல் ஆய்வுக் குழுவில் பங்கேற்றார். பின்னர்க் கிழக்குச் சைபீரியாவின் இர்குத்ஸ்க் நகரில் மருத்துவராகப் பணியாற்றினார். தலைநகரிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவில் அமைந்த ஊர் அது. நீண்ட குளிர்காலமும் குறைந்த வசதிகளும் அதன் இயல்பு. நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் ஹெஸ் அப்பகுதியின் கனிமங்களையும் உப்புகளையும் ஊற்றுநீரையும் பகுத்தாய்ந்தார். அம்முடிவுகள் தலைநகரின் அறிவியல் கழகத்தை எட்டின. 1828ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் அவரைத் தன் இளநிலை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மருத்துவத்தில் உறுதியான வருவாய் உண்டு. வேதியியலில் அஃது இல்லை. எனினும் இருபத்தாறு வயதான ஹெஸ் மருத்துவத் தொழிலைத் துறந்து தலைநகருக்குப் பெயர்ந்தார். 1834ஆம் ஆண்டு அக்கழகத்தின் முழுநிலை உறுப்பினரானார்.

பாடநூல் ஆசிரியர்

1830ஆம் ஆண்டு முதல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேதியியல் பேராசிரியராக அவர் விளங்கினார். ஆசிரியர்களை உருவாக்கிய தலைமைக் கல்வியியல் நிறுவனத்திலும் கற்பித்தார். ரஷ்ய மாணவர் கையில் கொடுக்கத்தக்க வேதியியல் நூல் ரஷ்ய மொழியில் போதிய அளவு இல்லாத காலம் அது. 1831ஆம் ஆண்டு ஹெஸ் தூய வேதியியலின் அடிப்படைகளை விளக்கும் நூல் ஒன்றை ரஷ்ய மொழியில் எழுதினார். அந்நூல் ஏழு பதிப்புகளைக் கண்டது. மெண்டலீவ் தம் பாடநூலை எழுதும் வரையில் ரஷ்ய இளைஞர் பலர் வேதியியலின் அரிச்சுவடியை ஹெஸ்ஸின் நூல் வழியாகவே கற்றனர்.

சேர்மங்களுக்கு ரஷ்ய மொழியில் ஒழுங்கான பெயரிடும் முறையை வகுக்கும் பணியிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரே பொருளை ஒருவர் ஒரு பெயராலும் மற்றவர் வேறொரு பெயராலும் சுட்டும் குழப்பம் அறிவியல் கல்விக்குப் பெருந்தடை. பிறமொழியில் பிறந்த ஒருவர் ரஷ்ய மொழியின் கலைச்சொல்லாக்கத்திற்கு உழைத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இக்காலத்தில் அவர் செய்த ஆய்வுகள் பலவகைப்பட்டவை. காஸ்பியன் கடற்கரையிலுள்ள பாக்கூவில் நிலத்திலிருந்து கசிந்து எரியும் வாயுவைப் பகுத்தாய்ந்தார். சர்க்கரையை ஆக்சிசனேற்றம் செய்து கிடைக்கும் அமிலத்தை ஆராய்ந்தார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைவதைப் பிளாட்டினம் எவ்வாறு தூண்டுகிறது என்று நோக்கினார். அல்தாய் மலைப்பகுதியில் கிடைக்கும் வெள்ளி டெல்லூரைடுக் கனிமத்திற்கு 1843ஆம் ஆண்டு ஹெஸ்ஸைட் என்று பெயர் சூட்டப்பட்டது. இவை யாவும் நல்ல பணிகளே. ஆனால் இவற்றுள் எதுவும் அவர் பெயரை இன்றைய வகுப்பறை வரை கொண்டுவந்திருக்க முடியாது.

வெப்பம் என்னும் புதிர்

அந்நாளில் வெப்பம் என்பது யாது என்பதில் அறிஞர்களிடையே தெளிவில்லை. எடையற்ற ஒருவகைப் பாய்பொருள் என்றும், அது பொருள்களுக்குள் புகுந்தும் வெளியேறியும் செல்கிறது என்றும் பலர் கருதினர். பிரெஞ்சு அறிஞர்களான லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டியை உருகச் செய்து வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்றை 1780களில் அமைத்திருந்தனர். ஒரு சேர்மம் உருவாகும்போது வெளிப்படும் வெப்பமும், அதே சேர்மத்தைச் சிதைக்கத் தேவைப்படும் வெப்பமும் ஒன்றே என்பதை அவர்கள் கூறியிருந்தனர். அதன்பின் அரை நூற்றாண்டாகத் தனித்தனி அளவீடுகள் சேர்ந்துகொண்டே வந்தன. அவற்றை இணைக்கும் நூல் மட்டும் கிட்டவில்லை.

ஹெஸ்ஸின் நோக்கம் வெப்பத்தை அளப்பதன்று. வெப்பத்தின் வழியே வேறொன்றை அளப்பது. இரு பொருள்கள் ஏன் ஒன்றையொன்று நாடிச் சேர்கின்றன? அந்த வேதி நாட்டத்தின் வலிமை எவ்வளவு? இதனை எடை போட்டுக் காட்டத் தராசு இல்லை. இணையும்போது வெளிப்படும் வெப்பமே நாட்டத்தின் அளவுகோலாகலாம் என்று ஹெஸ் எண்ணினார். நாட்டம் மிகுந்தால் வெப்பம் மிகும் என்பது அவர் கருத்து.

இதனோடு மற்றோர் எதிர்பார்ப்பும் இருந்தது. இரு தனிமங்கள் சேர்ந்து பல சேர்மங்களைத் தரும்போது, ஒன்றின் குறித்த நிறையுடன் சேரும் மற்றதன் நிறைகள் சிறு முழுவெண் விகிதத்தில் அமையும் என்பது டால்டனின் மடங்கு விகித விதி. நிறை அவ்வாறு அமையுமாயின் வெப்பமும் அவ்வாறே சிறு முழுவெண் மடங்குகளில் வெளிப்பட வேண்டும் என ஹெஸ் நம்பினார். பெர்சிலியசின் மாணவர் ஒருவர் இவ்வாறு நம்பியதில் வியப்பில்லை. இதனை மெய்ப்பிக்கவே அவர் கந்தக அமிலத்தைக் கையிலெடுத்தார்.

நான்கு வரி அட்டவணை

அடர் கந்தக அமிலம் நீரில் சேரும்போது பெருவெப்பம் எழுவதை ஆய்வகம் கண்ட எவரும் அறிவர். அமிலத்தில் நீரை ஊற்றினால் அவ்வெப்பத்தால் நீர் கொதித்துத் தெறித்து ஊறு விளைவிக்கும். ஆகையால்தான் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியர் எச்சரிப்பர். நீரைத் தொடத் தொட வெப்பம் விடும் இவ்வமிலம், காரத்துடன் சேரும்போதும் வெப்பத்தை வெளியிடும். அமிலத்தில் முன்பே நீர் கலந்திருந்தால், காரத்துடன் சேரும்போது எழும் வெப்பம் மாறுமா என்பதே ஹெஸ் எழுப்பிய வினா.

அவர் நான்கு வகை அமிலங்களை எடுத்துக்கொண்டார். முதலாவது அடர் அமிலம். அக்காலக் கணக்கில் அது கந்தக மூவாக்சைடு ஒரு பங்கு நீருடன் சேர்ந்தது. ஏனையவை முறையே இரண்டு, மூன்று, ஆறு பங்கு நீர் கொண்டவை. ஒவ்வொன்றையும் அம்மோனியாக் கரைசலுடன் சேர்த்து வெளிப்பட்ட வெப்பத்தை அளந்தார். அடர் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்யும்போது வெளிப்படும் வெப்பத்தையும் தனியே கணக்கிட்டார்.

இத்தகைய அளவீடு எளிதன்று. எழும் வெப்பத்தில் ஒரு பகுதி கலனைச் சூடாக்கும். ஒரு பகுதி காற்றில் கலந்து மறையும். வெப்பநிலைமானியில் ஓர் இலக்கம் பிழைத்தால் முடிவே பிழைக்கும். சோர்வு தரும் இவ்வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அவர் கண்ட எண்கள் இவை. அடர் அமிலம் அம்மோனியாவுடன் தந்த வெப்பம் அவருடைய அலகில் 595.8. இரண்டு பங்கு நீர் கொண்ட அமிலம் தந்தது 518.9. மூன்று பங்கு நீர் கொண்டது 480.5. ஆறு பங்கு நீர் கொண்டது 446.2. செறிவு குறையக் குறைய அம்மோனியாவுடன் வெளிப்படும் வெப்பமும் குறைந்துகொண்டே வந்தது.

இங்கு நின்றுவிட்டிருந்தால், நீர்த்த அமிலத்திற்கு நாட்டம் குறைவு என்ற முடிவோடு ஆய்வு ஓய்ந்திருக்கும். ஹெஸ் நிற்கவில்லை. நீர் சேர்ந்தபோதே வெளிப்பட்டுவிட்ட வெப்பத்தை அவ்வவ் வரியில் கூட்டினார். இரண்டாம் அமிலத்திற்கு அவ்வெப்பம் 77.8, கூட்டுத்தொகை 596.7. மூன்றாவதற்கு 116.7, கூட்டுத்தொகை 597.2. நான்காவதற்கு 155.6; கூட்டுத்தொகை 601.8. தனித்தனியே நோக்கினால் ஒன்றோடொன்று ஒவ்வாத எண்கள், கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றாயின. காணாமற்போன வெப்பம் எங்கும் மறைந்துவிடவில்லை. நீருடன் சேர்ந்தபோதே அது வெளியேறியிருந்தது. அடர் அமிலம் ஒரே தவணையில் கொடுத்ததை நீர்த்த அமிலம் இரு தவணைகளில் கொடுத்திருந்தது.

ஒரு வினை ஒரே படியில் நிகழ்ந்தாலும் பல படிகளில் நிகழ்ந்தாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் மொத்த வெப்பம் மாறாது என்ற விதியை 1840ஆம் ஆண்டு ஹெஸ் அறிவித்தார். ஆற்றல் அழியாது என்ற கோட்பாட்டை மேயர் 1842இலும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இலும் வெளியிட்டனர். அவ்விரண்டுக்கும் முன்னரே, ஆற்றல் என்ற சொல்லின் துணையின்றி, வெப்பத்தைப் பாய்பொருள் என்று எண்ணிய காலத்திலேயே, அதன் ஒரு கிளையை ஹெஸ் பற்றிக்கொண்டார்.

நான்காம் வரியிலுள்ள 601.8 என்ற எண்ணைச் சற்று நோக்க வேண்டும். ஏனைய மூன்றும் 597ஐ ஒட்டி நிற்க, இது மட்டும் சற்றே விலகி நிற்கிறது. வேறுபாடு நூற்றுக்கு ஒன்று அளவே. அவ்வெண்ணைத் திருத்தி அழகுபடுத்தியிருந்தால் எவரும் அறிந்திருக்கப் போவதில்லை. ஹெஸ் அதனைக் கண்டவாறே விட்டுவைத்தார்.

இதே அட்டவணையில் அவரை வழிதவறச் செய்த எண்களும் உண்டு. நீர் சேரும்போது வெளிப்பட்ட 77.8, 116.7, 155.6 ஆகியவை 38.9 என்னும் எண்ணின் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகள். தாம் தேடிய மடங்கு விகிதம் கண்முன் நிற்பதாக ஹெஸ் மகிழ்ந்தார். அவரளவில் அதுவே பெருங்கண்டுபிடிப்பு. ஆனால் டென்மார்க்கைச் சேர்ந்த ஜூலியஸ் தாம்சன் பின்னாளில் அளந்தபோது, நீர் சேரச் சேர வெப்பம் படிப்படியாகத் தாவாமல் தொடர்ச்சியாக உயர்ந்து செல்வது தெரியவந்தது. ஹெஸ் தேர்ந்தெடுத்த மூன்று நிலைகளில் அது 2, 3, 4 என்ற மடங்குகளுக்கு நெருங்கி அமைந்தது தற்செயலே. அடர் அமிலத்தில் மேலும் மூன்று பங்கு நீரை மட்டும் சேர்த்து அவர் அளந்திருந்தால் ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கண்டிருப்பார். முழுவெண் கனவும் அன்றே கலைந்திருக்கும். இயற்கை அவருக்கு ஒரு பொய்யான குறிப்பையும் ஒரு மெய்யான குறிப்பையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தது. ஒன்றை அவர் நாடித் தேடினார். மற்றொன்று தானே வந்து சேர்ந்தது.

உலோகமும் அமிலமும்

ஹெஸ் கண்ட விதி, உலோகம் அமிலத்தில் கரையும்போது எழும் வெப்பத்தைப் புரிந்துகொள்ளவும் வழிகாட்டுகிறது. பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசியம் துண்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் குமிழிகள் எழுந்து கரைசல் சூடேறும். செறிவு மிகுந்த அமிலத்தில் அது சீறிக் கரையும். செறிவு குறைந்ததில் மெல்லக் கரையும். சீற்றத்தைக் கண்ட மாணவர், அங்கு வெப்பமும் மிகுதி என்று கருதுவது இயல்பே.

உண்மை வேறு. 0.24 கிராம் மெக்னீசியம் நீர்த்த அமிலத்தில் முழுவதும் கரைந்தால் ஏறத்தாழ 4.7 கிலோ ஜூல் வெப்பம் வெளிப்படும். கரைசல் 100 கிராம் இருந்தால், வெப்பம் வெளியேறாதபடி காத்தால், வெப்பநிலை ஏறத்தாழ 11 பாகை உயரும். அமிலத்தின் செறிவை ஒரு மோலாரிலிருந்து அரை மோலாராகக் குறைத்தாலும் அவ்வுயர்வு பெரிதும் மாறாது. ஏனெனில் உலோகம் முழுவதையும் கரைக்க வேண்டிய அமிலம் இரண்டிலும் உண்டு. கரைசலை 200 கிராமாக்கினால் உயர்வு பாதியாகும். ஆனால் வெப்பத்தின் அளவு அதுவே. 100 மில்லி லிட்டர் கரைசலின் செறிவை மோலாரில் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலோ, உள்ள அமிலம் பாதி உலோகத்தைக் கரைப்பதற்குள் தீர்ந்துவிடும். வெப்பமும் பாதியாகக் குறையும். வேகம் வேறு, வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்பதை இச்சிறு சோதனை காட்டும். மெல்ல நிகழும் வினையில் வெப்பம் கண்ணாடிக் கலனின் வழியே கசிந்துவிடுவதால் வெப்பநிலைமானி குறைத்துக் காட்டும்; அதனை வினையின் குறையென்று கொள்வது பிழை. மிகச் செறிந்த அமிலத்தைப் பயன்படுத்தினால் உண்மையாகவே சிறிது வேறுபாடு தோன்றும். அமிலமும் விளையும் உப்பும் நீருடன் கொள்ளும் உறவால் எழும் அவ்வேறுபாடு, ஹெஸ் தம் அட்டவணையின் இரண்டாம் நிரலில் எழுதிய வெப்பத்தின் இனத்தைச் சேர்ந்தது. அடர் கந்தக அமிலத்தைக் கொண்டு ஒப்பிடவும் இயலாது. துத்தநாகம் முதலிய உலோகங்களுடன் அது கந்தக ஈராக்சைடைத் தந்து வேறொரு வினையாகவே மாறிவிடும்.

நேரே அளக்க இயலாத வெப்பத்தையும் இவ்விதி அளந்து தரும். மெக்னீசியம் கண்கூசும் ஒளியுடன் எரிந்து ஆக்சைடாகும்போது வெளிப்படும் வெப்பத்தை எளிய கலனில் பிடித்து அளப்பது கடினம். ஆயினும் ஒரு மோல் மெக்னீசியம் நீர்த்த அமிலத்தில் கரையும்போது 467 கிலோ ஜூலும், ஒரு மோல் ஹைட்ரஜன் எரிந்து நீராகும்போது 286 கிலோ ஜூலும், ஒரு மோல் மெக்னீசியம் ஆக்சைடு அமிலத்தில் கரையும்போது 151 கிலோ ஜூலும் வெளிப்படுகின்றன. முதலிரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் 602 கிலோ ஜூல் கிடைக்கும். தீயின் அருகே செல்லாமலே தீயின் வெப்பம் கணக்கில் வந்துவிடுகிறது.

இறுதி ஆண்டுகள்

ஹெஸ் மற்றோர் உண்மையையும் கண்டார். நடுநிலை உப்புகள் இரண்டின் கரைசல்களைக் கலந்தால், வீழ்படிவு தோன்றாதவிடத்து, வெப்பம் எழுவதுமில்லை, குறைவதுமில்லை. இதற்கான காரணத்தை அவரால் கூற இயலவில்லை. உப்புகள் கரைசலில் அயனிகளாகப் பிரிந்தே இருக்கின்றன என்று அரீனியஸ் 1887ஆம் ஆண்டு விளக்கிய பின்னரே அதன் பொருள் புலனாயிற்று. பிரிந்தே இருப்பவை கலந்தபின்னும் பிரிந்தே இருக்குமாயின் அங்கு வினையே இல்லை. வினையில்லாவிடத்து வெப்பம் எங்கிருந்து எழும்?

வெப்பமே நாட்டத்தின் அளவுகோல் என்ற ஹெஸ்ஸின் எண்ணமும் காலப்போக்கில் கைவிடப்பட்டது. வெப்பத்தை உட்கொண்டு தாமே நிகழும் வினைகளும் உலகில் உண்டு. நவச்சார உப்பு நீரில் குளிர்ந்து கரைவதைக் காணும் மாணவர் இதனை உணர்வர். ஆக, அவர் நிறுவ விரும்பிய இரண்டும் நிலைக்கவில்லை. இடையில் அவர் பயன்படுத்திய கூட்டல் கணக்கு மட்டும் நிலைத்தது.

1848ஆம் ஆண்டளவில் அவர் உடல்நலம் குன்றத் தொடங்கியது. ஆய்வகப் பணி குறைந்தது. 1850ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி நவம்பர் 30ஆம் நாள், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஹெஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. தாம்சனும் பிரான்சின் பெர்த்தலோவும் வெப்ப வேதியியலைப் பெருங்கட்டடமாக எழுப்பிய பிற்காலத்தில், அதற்கு முதற்கல் நாட்டியவரின் பெயர் பெரிதும் பேசப்படவில்லை. 1890ஆம் ஆண்டு வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் தாம் வெளியிட்டுவந்த அறிவியல் செவ்வியல் நூல்வரிசையில் ஹெஸ்ஸின் வெப்ப வேதியியல் கட்டுரைகளை ஒன்பதாம் நூலாகப் பதிப்பித்தார். மறைந்து நாற்பதாண்டுகள் கழித்து அந்நான்கு வரி அட்டவணை மீண்டும் அச்சேறியது.

மாணவர் வழியாக வந்த தொடர்ச்சியோ அறுபடவேயில்லை. தலைமைக் கல்வியியல் நிறுவனத்தில் ஹெஸ்ஸிடம் பயின்றவர்களுள் ஒருவர் அலெக்சாந்தர் வஸ்கிரசேன்ஸ்கி. அவர் அதே நிறுவனத்தில் வேதியியல் ஆசிரியரானார். ஹெஸ் மறைந்த 1850ஆம் ஆண்டில், சைபீரியாவிலிருந்து தாயுடன் நெடும்பயணம் செய்து வந்த பதினாறு வயது இளைஞர் ஒருவர் அங்கு மாணவராகச் சேர்ந்து வஸ்கிரசேன்ஸ்கியிடம் வேதியியல் கற்கத் தொடங்கினார். அவர் பெயர் திமீத்ரி மெண்டலீவ்.